பெயரை மைக்கில் வாசிக்கலாம், ரத்தத்தைச் சோதிக்கக் கூடாதா? ஆலயப் பரிபாலன சபைக்கு ஒரு திறந்த மடல்

சபைத் தலைவர் ஐயா அவர்களுக்கும், செயலாளர் அண்ணன், பொருளாளர் மாமா உள்ளிட்ட பதினொரு பெரியவர்களுக்கும்,

கார்த்திகையில் நடக்கப்போகும் இலவச மருத்துவ முகாமின் நோட்டீஸ் போன வெள்ளிக்கிழமை, பர்மாவில் பெகுப் பக்கம் இருக்கும் நம் கோயில் வாசலில் ஒட்டப்பட்டது. சர்க்கரை, பிரஷர், கண், பல் என்று நான்கு வரி. 2019-லும், கொரோனாவுக்குப் பிறகு 2023, 2024-லும் ஐந்தாவது வரியாக இருந்த தைராய்டு ரத்தப் பரிசோதனையைக் காணவில்லை. அச்சில் விட்டுப்போயிருக்கும் என்று நினைத்துச் செயலாளர் அண்ணனிடம் கேட்டேன். விட்டுப்போகவில்லை, சபையில் பேசி எடுத்துவிட்டோம் என்றார். செலவு அதிகம், அதுவும் பிள்ளை இல்லாத நாலு பேருக்குத்தானே பிரயோஜனம் என்பது அவர் சொன்ன முதல் காரணம். அது புருஷன் பெண்டாட்டி விவகாரம், கோயில் மண்டபத்தில் வைத்துப் பேசுகிற பேச்சில்லை என்பது இரண்டாவது. அதற்குப் பதிலாக அதே வாரம் சந்தான கோபால ஹோமம் நடத்துகிறோம், பிள்ளை வரம் வேண்டுகிற பெண்கள் பெயரும் நட்சத்திரமும் கொடுக்கலாம் என்று நோட்டீஸின் அடியில் கட்டம் கட்டிப் போட்டிருக்கிறீர்கள்.

அந்த நாலு பேரில் நான் ஒருத்தி. பதினோரு வருஷமாக இந்தக் கோயிலின் மாலைப் பள்ளியில் உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு அ, ஆ எழுதக் கற்றுக்கொடுக்கிறேன். முகாம் நாளில் வாசல் மேசையில் உட்கார்ந்து பெயர் பதிவதும் நான்தான். இரண்டு முறை கைப்பட எழுதி மனுக் கொடுத்தேன். இரண்டுக்கும் பதில் வரவில்லை. அதனால்தான் இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். என் உடம்பைப் பற்றிப் பொதுவில் எழுதுவது எனக்குச் சுலபமில்லை. எழுதாமல் இருந்தால் இந்த முகாமுக்கு வந்து வெறுங்கையோடு திரும்பப்போகிற பெண்களின் முகத்தைப் பார்க்க முடியாது.

எனக்கு 2015-ல் கல்யாணம் ஆனது. முதல் இரண்டு வருஷம் யாரும் எதுவும் கேட்கவில்லை. மூன்றாம் வருஷம் கேட்க ஆரம்பித்தார்கள். அந்தச் சமயத்தில்தான் என் உடம்பும் மாறத் தொடங்கியது. விடிந்து எழுந்தால் இரவெல்லாம் மூட்டை தூக்கியது போல அலுப்பு. தலை வாரினால் சீப்பு நிறைய முடி. சாப்பாடு குறைந்தது, எடை கூடியது. வீட்டு விலக்கு நாற்பது நாளுக்கு ஒருமுறை, சில சமயம் ஐம்பது நாளுக்கு ஒருமுறை வரும், வந்தால் ஒன்பது பத்து நாள் நிற்காது. முகம் ஊதியது. ஊரில் அதைப் பார்த்து, பூசினாற்போல் நல்லா இருக்கியே, விசேஷமா என்று கேட்டவர்கள் உண்டு. பிறகு அதே ஊர், உடம்பு பெருத்துப்போச்சு, அதான் கரு நிக்கலை என்றது.

ஒரு நாள் மட்டும் இன்னும் அப்படியே நினைவிருக்கிறது. 2019 திஞ்ஞான், பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா. ஏப்ரல் மாதத்து பெகு வெயில் எப்படி என்று உங்களுக்குத் தெரியும், ரோட்டில் தார் செருப்போடு ஒட்டிக்கொண்டு வரும். தெரு முழுக்கப் பிள்ளைகள் ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு போகிற வருகிறவர்களை நனைத்துக்கொண்டிருந்தார்கள். என் நாத்தனார் மகன் ஒரு சின்ன வெள்ளிக் கிண்ணத்தில் தண்ணீர் மொண்டு, பர்மியப் பிள்ளைகள் பெரியவர்களுக்கு ஊற்றுவது போல மரியாதையாக என் தோளில் ஊற்றினான். அரைக் கிண்ணத் தண்ணீர். எனக்குப் பல் கிட்டிவிட்டது. உள்ளே போய் மழைக்காலப் போர்வையைச் சுற்றிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தேன். வீட்டில் எல்லோரும் விசிறிக்கொண்டிருந்தார்கள், எனக்கு மட்டும் விரல் நுனி மரத்திருந்தது. இதை ஒரு நோயின் அறிகுறி என்று எனக்கு யார் சொல்வார்கள்? என் மாமியார் திருஷ்டி என்றார். உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார்.

அதற்குள் நான் பார்க்காத வைத்தியமும் இல்லை, வேண்டாத தெய்வமும் இல்லை. இந்தக் கோயிலில் பங்குனி உத்திரத்துக்கு மூன்று வருஷம் பால்குடம் எடுத்தேன். வேப்பமரத்தில் மஞ்சள் துணியில் தொட்டில் கட்டினேன், அது வெயிலில் வெளுத்து நூலாகிப் போனதையும் பார்த்தேன். ரங்கூனில் ஒரு தனியார் கிளினிக்கில் ஆறு மாதம் முட்டை வளர்வதற்கு மாத்திரை கொடுத்தார்கள். ஸ்கேன் எடுத்தார்கள், ஒரு தடவைகூட தைராய்டு பார்க்கவில்லை. 2018-ல் நாள் தள்ளிப்போனது. ஒன்பதாம் வாரம் கலைந்தது. கரு கலைந்த வீட்டில் யாரும் ஒன்றும் பேச மாட்டார்கள், உங்களுக்குத் தெரியும். குழந்தை செத்தால் அழலாம். கருவுக்கு அழுதால், அதுக்குள்ளே என்ன அழுகை என்பார்கள்.

என் நோய்க்குப் பெயர் கிடைத்த இடம் இந்தக் கோயில் மண்டபம். 2019 கார்த்திகை முகாமில், ரங்கூனிலிருந்து வந்திருந்த சயாமா, அதாவது டாக்டரம்மா ஒருவர், நான் பெயர் பதியும்போதே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். மத்தியானம் கூட்டம் குறைந்ததும் கூப்பிட்டார். என் புருவத்தின் வெளி ஓரத்தில் முடி இல்லாததைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். என் குரல் எப்போதும் இப்படித்தான் கரகரப்பாக இருக்குமா என்று கேட்டார். பிறகு ஒரு மர நாற்காலியில் முட்டி போடச் சொன்னார். பாதம் இரண்டும் விளிம்புக்கு வெளியே தொங்கின. குதிகாலுக்கு மேல் இருக்கும் தசைநாணில் ரப்பர் சுத்தியலால் லேசாகத் தட்டினார். பாதம் வெடுக்கென்று போனது, ஆனால் உடனே திரும்பி வரவில்லை. மெதுவாக, தூக்கத்தில் இருக்கிறவர் காலை மடக்குவது போல வந்தது. பக்கத்தில் நின்ற நர்ஸை முட்டி போடச் சொல்லி அவர் காலையும் தட்டிக் காட்டினார். போன வேகத்தில் திரும்பியது. அந்த வித்தியாசத்தை நான் கண்ணால் பார்த்தேன்.

ரத்தம் எடுத்து ரங்கூன் லேபுக்கு அனுப்பினார்கள். டி.எஸ்.எச். 38 என்று வந்தது. ஏறக்குறைய 0.4-லிருந்து 4-க்குள் இருக்க வேண்டியது. சயாமா எனக்கு விளக்கிய விதத்திலேயே உங்களுக்கும் சொல்கிறேன். கழுத்தில் இருக்கிற தைராய்டு சுரப்பி வண்டி மாடு. மூளைக்கு அடியில் பட்டாணி அளவு இருக்கிற பிட்யூட்டரி வண்டிக்காரன். மாடு இழுக்காவிட்டால் வண்டிக்காரன் சத்தம் கூடும். டி.எஸ்.எச்., அதாவது தைராய்டைத் தூண்டப் பிட்யூட்டரி சுரக்கிற ஹார்மோன்தான் அந்தச் சத்தம். சத்தம் பத்து மடங்கு கூடியிருக்கிறது என்றால் மாடு படுத்துவிட்டது என்று அர்த்தம். படுத்தது ஏன் என்று பார்க்க இன்னொரு பரிசோதனை செய்தார்கள். உடம்பின் எதிர்ப்பு சக்தியே தன் சுரப்பியை எதிரி என்று நினைத்துத் தாக்குகிற வகை. 1912-ல் இதை முதலில் எழுதிய ஜப்பான் டாக்டர் ஹஷிமோட்டோவின் பெயரால் அழைக்கிறார்கள். சின், கச்சின், ஷான் மலைகளில் அயோடின் குறைவால் கழுத்துக் கழலை வருவதை நாம் எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறோம். இது அதில்லை. கழுத்து வீங்காமலும் இருக்கும். பெண்களுக்கு ஆண்களைவிடப் பல மடங்கு அதிகமாக வரும், அதுவும் பிள்ளை பெறுகிற வயதிலேயே வரலாம்.

தைராய்டு தளர்ந்தால் கரு ஏன் நிற்காது என்பதையும் அவரே சொன்னார். வண்டிக்காரன் போடுகிற சத்தத்தில் தாய்ப்பால் சுரக்க வைக்கும் ப்ரோலாக்டினும் சேர்ந்து கூடிவிடலாம். அது கூடினால் முட்டை வெளிவருவது தடைப்படும். முட்டை வராத மாதத்தில் எத்தனை ஹோமம் செய்தாலும் கரு எங்கிருந்து உருவாகும்? அப்படியே உருவானாலும், வயிற்றுக்குள் இருக்கும் சிசு முதல் மூன்று மாதம் தனக்கு வேண்டிய தைராய்டு ஹார்மோனைத் தாயிடமிருந்துதான் எடுக்கிறது. அதற்கென்று ஒரு சுரப்பி வேலை தொடங்கப் பன்னிரண்டு வாரம் ஆகிறது, முழுதாகத் தன் காலில் நிற்க இன்னும் நாளாகும். தாயிடமே இல்லாததை எப்படி எடுக்கும்? சிசுவின் மூளை வளரத் தொடங்குவதும் அந்த மாதங்களில்தான்.

மருந்து லெவோதைராக்ஸின். ஒரு சின்ன வெள்ளை மாத்திரை. விடிகாலை வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை எதுவும் சாப்பிடாமல் இருக்க வேண்டும். பால் டீகூடக் கூடாது. நம் ஊரில் கண் விழித்ததும் லபெயே என்கிற டீயைக் குடிக்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இரும்புச் சத்து மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் நாலு மணி நேரம் தள்ளித்தான் போட வேண்டும். 50 மைக்ரோகிராமில் ஆரம்பித்தேன். ஆறு வாரத்தில் 38 என்பது 14 ஆனது. 75 போட்டார்கள், 5.6 ஆனது. 100 போட்டார்கள். 2020 ஜூனில் 1.8. பிள்ளைக்கு முயற்சி செய்கிற, மாத்திரை எடுக்கிற பெண்ணுக்கு 2.5-க்குக் கீழே இருப்பது நல்லது என்று சயாமா சொல்லியிருந்தார். அந்த ஜூன் மாதம் என் தோளில் இருந்த பாரத்தை யாரோ இறக்கி வைத்தது போல இருந்தது. முடி கொட்டுவது நின்றது. முப்பது நாளுக்கு ஒருமுறை விலக்கானேன். ஆகஸ்டில் நாள் தள்ளிப்போனது.

இனிமேல் எழுதப்போவதைத்தான் சபை கவனமாகப் படிக்க வேண்டும். கர்ப்பம் என்று தெரிந்ததும் மருந்துக் கடையில் மாத்திரை வாங்கப் போனேன். கடையில் இருந்தவர், மாசமாக இருக்கிறவர்கள் இங்கிலீஷ் மாத்திரை சாப்பிடக் கூடாது, குழந்தைக்குக் கேடு என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. வீட்டில் மாமியாரும் அதையே சொன்னார், அன்பினால் சொன்னார். சயாமாவிடம் கேட்கலாம் என்றால் செப்டம்பரில் ரங்கூனில் ஊரடங்கு. ஊருக்கு ஊர் ஆளேற்றிப் போகும் லைன்கார் ஓடவில்லை, அவர் போன் எண் என்னிடம் இல்லை. அந்த வருஷம் கோயிலில் முகாமும் இல்லை. ஐந்து வாரம் மாத்திரையை நிறுத்தினேன். அக்டோபர் முதல் வாரம், பதினொன்றாவது வாரத்தில் அதுவும் போனது. பிறகு பார்த்தபோது டி.எஸ்.எச். 19.

மாத்திரையை நிறுத்தியதால்தான் போனது என்று எந்த டாக்டரும் உறுதியாகச் சொல்ல முடியாது, என் டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் செய்ய வேண்டியிருந்தது நேர் எதிரானது. கர்ப்பம் என்று தெரிந்த நாளிலிருந்தே மாத்திரையைக் கூட்ட வேண்டும், கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரைக்கும். வாரத்துக்கு ஏழு மாத்திரை போடுகிறவள் ஒன்பது போட ஆரம்பித்துவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும். கர்ப்பத்தின் முதல் பாதியில் நாலு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்க்க வேண்டும். இது ஒரு பிட் நோட்டீஸில் நாலு வரிக்கு மேல் வராது. அந்த நாலு வரி தமிழில் கோயில் சுவரில் இருந்திருந்தால் நான் படித்திருப்பேன். என் மாமியாருக்கும் வாசித்துக் காட்டியிருப்பேன். கோயிலில் எழுதி ஒட்டியதை அவர் மறுத்துப் பேசியதே கிடையாது.

அடுத்த வருஷம் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் நாடு என்ன ஆனது என்று நான் எழுத வேண்டியதில்லை. பெரிய ஆஸ்பத்திரிகள் வெறிச்சோடின. அப்புறம் மருந்துத் தட்டுப்பாடு வந்தது. நம் மருந்தில் பெரும்பங்கு இந்தியாவிலிருந்து வருகிறது, டாலர் ஏற ஏற, இறக்குமதிக்குக் கெடுபிடி ஏற ஏற, என் குப்பியின் விலையும் ஏறியது. சில மாதம் காசு கையில் இருந்தும் மருந்து இல்லை. ரங்கூன் மிங்கலா செய் சந்தை வரைக்கும் போய்த் தேடியிருக்கிறேன். உள்ளூர்க் கடையில் குப்பியைப் பிரித்து மாத்திரையைச் சின்ன பிளாஸ்டிக் பையில் எண்ணிப் போட்டுக் கொடுப்பார்கள். காலாவதித் தேதி அந்தப் பையில் இருக்காது. கரண்ட் இல்லாத பகலில், தகரக் கூரைக்கு அடியில், கண்ணாடி அலமாரியில் வெயில் படும்படி எத்தனை நாள் இருந்ததோ? சூடும் ஈரமும் வெளிச்சமும் பட்டால் வீரியம் குறைகிற மருந்து இது. பார்க்க வெள்ளையாக, வட்டமாக அதேபோல இருக்கும், உள்ளே சரக்கு இருக்காது. ஒரு தடவை டோஸைக் குறைக்காமலே என் டி.எஸ்.எச். 9-க்குப் போனது. சயாமா கேட்ட முதல் கேள்வி, மாத்திரையை எதில் வைத்திருக்கிறாய் என்பதுதான்.

எனக்கு இப்போது முப்பத்தி நாலு வயது. போன மாத ரிப்போர்ட்டில் டி.எஸ்.எச். 1.9. இன்னும் பிள்ளை இல்லை, இன்னும் முயற்சி செய்கிறோம். இந்த மடலை எனக்காக எழுதவில்லை என்று சொன்னால் அது பொய். எனக்காகவும் எழுதுகிறேன். ஆனால் எனக்கு நோயின் பெயர் தெரியும், மாத்திரை தெரியும், யாரிடம் போக வேண்டும் என்று தெரியும். தெரியாதவர்கள் இருக்கிறார்கள். 2023 முகாமில் ரத்தம் கொடுத்த ஒருத்திக்கு டி.எஸ்.எச். 22. அதுவரை மூன்று முறை கலைந்தவள். அவளுடைய சம்மதத்தோடுதான் இதைச் சொல்கிறேன். அவள் மாத்திரை எடுத்தாள், கர்ப்பமானதும் நிறுத்தாமல் கூட்டினாள், நான் தினமும் போன் செய்து கேட்டேன். இந்த ஆனியில் அவள் பிள்ளைக்கு இந்தக் கோயிலில்தான் மொட்டை அடித்துக் காது குத்தினார்கள். சபைத் தலைவர் ஐயாவே பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டார். அந்தப் பிள்ளைக்கு அம்மனின் அருளும் இருந்தது, நீங்கள் செலவழித்த ஒரு குப்பி ரத்தப் பரிசோதனையும் இருந்தது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை எதற்கு எடுக்கிறீர்கள்?

நான் ஹோமத்துக்கு எதிரி இல்லை, தயவுசெய்து அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். ஹோமத்தில் நானும் உட்காருவேன். என்னால் ஏற்க முடியாதது உங்கள் இரண்டாவது காரணம். புருஷன் பெண்டாட்டி விஷயத்தைக் கோயிலில் பேசக் கூடாது என்கிறீர்கள். போன பங்குனி உத்திரத்தன்று பிள்ளை வரம் வேண்டும் பெண்களின் பெயரை, நட்சத்திரத்தை, வீட்டுப் பெயரை ஒலிபெருக்கியில் வாசித்தீர்கள். பெகுவிலிருந்தும் ரங்கூனிலிருந்தும் வந்திருந்த அத்தனை ஜனமும் கேட்டது. நான் அன்னதானப் பந்தியில் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தேன். என் பெயர் வந்தபோது, இலைக்கு முன்னால் இருந்த அம்மா தலை தூக்கி என்னைப் பார்த்துவிட்டு, கையை இலைக்கு மேல் நீட்டி, போதும் என்றார். இலையில் சாம்பார் அதுவரை விழவே இல்லை. ரத்தப் பரிசோதனையில் பெயருக்குப் பதில் ஒரு நம்பர்தான் எழுதுகிறோம். முடிவை மடித்து உறையில் போட்டு அவரவர் கையில் கொடுக்கிறோம். இதில் எது முறைகேடு என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. கட்டத்துக்குள் பெண்கள் பெயர் கொடுக்கலாம் என்று மட்டும் இருக்கிறது. பிள்ளை இல்லாத தம்பதிகளில் குறை ஆணிடம் இருப்பதும் நிறையவே உண்டு. விந்துப் பரிசோதனை ஒரு நாள் வேலை, கத்தி இல்லை, ஊசி இல்லை. என் கணவர் 2020-ல்தான் செய்துகொண்டார். அதற்கு முந்தைய ஐந்து வருஷம் என் உடம்பை மட்டுமே எல்லோரும் பார்த்தார்கள். அவருக்குக் குறை இல்லை என்று வந்தது, அதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அந்தக் கேள்வியை முதல் வருஷமே ஒரு பெரிய மனுஷர் கேட்டிருந்தால் அவரும் போயிருப்பார். உங்களைப் போன்றவர்கள் சொன்னால் ஆண்கள் கேட்பார்கள். நாங்கள் சொன்னால் சண்டையாகும்.

செலவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், கணக்கு நோட்டை நானும் பார்த்தேன். போன வருஷம் முகாமின் தைராய்டு பரிசோதனைக்கு ஆன மொத்தத் தொகை, திருவிழாப் பந்தலின் சீரியல் விளக்குக்கு ஆனதில் பாதிகூட இல்லை. 2025 மார்ச் 28 நிலநடுக்கத்துக்குப் பிறகு மாண்டலே, சகாயிங் மக்களுக்குக் கோயில் நிதியிலிருந்து அரிசியும் தார்ப்பாயும் அனுப்பினோம், அதனால் கையிருப்பு குறைவு என்றும் சொன்னார்கள். அனுப்பியது சரிதான், நானும் மூட்டை கட்டினேன். குறைக்க வேண்டியது எதை என்பதில்தான் கருத்து வேறுபாடு. பதினொரு பேர் உட்கார்ந்து முடிவெடுத்த அந்த அறையில் ஒரு பெண்கூட இல்லை. இருந்திருந்தால் நாலு பேருக்குத்தானே என்ற வார்த்தை வந்திருக்காது. தைராய்டு தளர்ந்தால் பிள்ளை பெற்றவர்களுக்கும் அலுப்பு, மலச்சிக்கல், மனச்சோர்வு, கொழுப்பு ஏறுவது எல்லாம் வரும். உங்கள் வீட்டிலேயே யாராவது சோம்பேறி என்று பெயர் வாங்கிக்கொண்டு இருக்கலாம்.

நான் மிகையாகச் சொல்லவும் விரும்பவில்லை. பிள்ளை இல்லாத எல்லோருக்கும் தைராய்டு காரணம் இல்லை. 4-ஐ ஒட்டி லேசாகக் கூடியிருக்கிறவர்களுக்கு மாத்திரை வேண்டுமா வேண்டாமா என்பதில் டாக்டர்களுக்குள்ளேயே ஒரே கருத்து கிடையாது. அதனால்தான் ரத்தத்தை எடுத்துக் கொடுப்பதோடு நிற்காமல், அதைப் படித்துச் சொல்ல டாக்டரும் வேண்டும் என்கிறேன்.

சபையிடம் நான் கேட்பது இவை.

நோட்டீஸில் ஐந்தாவது வரியைத் திரும்பப் போடுங்கள். எல்லோருக்கும் பரிசோதிக்கப் பணம் போதாது என்றால், பிள்ளைக்கு முயற்சி செய்கிறவர்கள், கரு கலைந்தவர்கள், இப்போது கர்ப்பமாக இருக்கிறவர்கள், இவர்களுக்கு மட்டுமாவது பாருங்கள். வெறும் வயிற்றில் வர வேண்டிய அவசியம் இல்லை, தூரத்திலிருந்து வருகிறவர்கள் சாப்பிட்டுவிட்டே வரலாம். சந்தேகம் உள்ளவர்களைப் பரிசோதிக்க அந்தச் சயாமாவையோ, அவரைப் போன்ற ஒருவரையோ திரும்பக் கூப்பிடுங்கள். வண்டிச் செலவு கொடுத்தால் வருவதாக அவர் என்னிடம் சொல்லியிருக்கிறார்.

முகாமோடு விடாதீர்கள். மாத்திரை ஆரம்பித்த பெண்ணுக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் இரண்டாவது ரத்தப் பரிசோதனை வேண்டும். மருந்து உடம்பில் படிந்து அளவு காட்ட அவ்வளவு நாள் ஆகும். தை மாதத்தில் ஒரு நாள் ரங்கூனுக்கு ஒரு லைன்காரைக் கோயில் செலவில் ஏற்பாடு செய்யுங்கள். கூட்டிப்போய்க் கூட்டிவருவது என் பொறுப்பு.

லெவோதைராக்ஸின் வாங்கச் சிறு நிதி ஒதுக்குங்கள். சில்லறையாக வேண்டாம். பிரிக்காத குப்பியாக, காலாவதித் தேதி பார்த்து, ஆறு மாதத்துக்கு இருப்பு வையுங்கள். பிரசாத அறைக்குப் பின்னால் இருக்கும் மர அலமாரி வெயில் படாத இடம், அது போதும். டாக்டர் சீட்டு இல்லாமல் யாருக்கும் கொடுக்க வேண்டாம்.

கர்ப்பமானால் தைராய்டு மாத்திரையை நிறுத்தாதே, கூட்ட வேண்டியிருக்கும், உடனே டாக்டரிடம் போ என்று தமிழிலும் பர்மிய மொழியிலும் எழுதிக் கோயில் சுவரில் நிரந்தரமாக ஒட்டுங்கள். எழுதித் தருவது நான். டாக்டரிடம் காட்டிச் சரிபார்த்துத்தான் தருவேன்.

பெண்கள் பெயரை மைக்கில் வாசிப்பதை இந்த வருஷத்தோடு நிறுத்துங்கள். ஐயர் சங்கல்பத்தில் மெதுவாகச் சொல்லட்டும், அம்மனுக்குக் கேட்கும். ஹோமத்துக்குத் தம்பதியாகப் பெயர் வாங்குங்கள். ஆண்களும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்று அன்றைக்குத் தலைவர் ஐயாவே ஒரு வார்த்தை சொல்லுங்கள். வளைகாப்பில் பிள்ளை இல்லாத பெண்கள் வளையல் போடக் கூடாது என்று மண்டபத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது, யார் எழுதி வைத்தது என்று யாருக்கும் தெரியவில்லை. அந்த வழக்கம் சபையின் விதி இல்லை என்று எழுத்தில் தாருங்கள்.

முகாம் பற்றிய அடுத்த கூட்டத்தில் இரண்டு பெண்களை உட்கார வையுங்கள். நான் ஒருத்தி என்றால் வருகிறேன், வேண்டாம் என்றால் நீங்கள் நினைக்கிற வேறு இரண்டு பேரைக் கூப்பிடுங்கள்.

பதில் தீபாவளிக்கு முன்னால் வேண்டும். அதற்குப் பிறகு என்றால் லேபுக்குச் சொல்லி வைக்க நாள் போதாது. நோட்டீஸ் ஒட்டிய அன்றிலிருந்து ஏழு பெண்கள் என்னிடம் வந்து, டீச்சர், இந்த வருஷம் கழுத்து டெஸ்ட் உண்டா என்று கேட்டிருக்கிறார்கள். ஒருத்தி பள்ளி விடுகிற நேரம் வரை வாசலில் நின்று, பிள்ளைகள் எல்லாம் போன பிறகு கேட்டாள். அவர்கள் பெயரை நான் நோட்டில் எழுதவில்லை, மனதில் வைத்திருக்கிறேன். அவர்களுக்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்பதைச் சபை எனக்கு எழுதித் தர வேண்டும்.

இப்படிக்கு,
கோயில் மாலைப் பள்ளித் தமிழ் டீச்சர்